வால்வு ரேடியோவும் அந்நியச் செலாவணியும்

பழைய வால்வு ரேடியோ வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்பக்க அட்டையின் உட்புறத்தில், எந்த வால்வு எங்கே என்று ஒரு படம் ஒட்டியிருக்கும். அதை நம்பாதீர்கள். படத்தில் ஒரு வால்வு இருக்கும், சேசிஸில் வேறொன்று உட்கார்ந்திருக்கும். ஸ்பீக்கர் வேறு கம்பெனியுடையது, நான்கு திருகிகளில் இரண்டு வேறு ரகம், டிரான்ஸ்பார்மர் யாரோ கையால் சுற்றியது. வெளிநாட்டு ஆர்வலர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு வந்தால், இதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு 'ஒரிஜினல்' நிலைக்குக் கொண்டுவரத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பொருந்தாத பாகங்களில்தான், அந்தப் பெட்டி இந்த நாட்டில் வாழ்ந்த கதை இருக்கிறது.

நான் மின்னணுவியல் படித்தவனல்ல. மும்பைக்குப் பிழைக்க வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வருடங்கள் ஓடிவிட்டன. நாற்பதைத் தாண்டியபின் சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொண்டவன். சோர் பஜாரில் வாங்கிய ஒரு ஐந்து வால்வு மரப்பெட்டிதான் என் பாடப்புத்தகம். பெயர்த் தகட்டை யாரோ பெயர்த்து எடுத்திருந்தார்கள். அதனால் விலை குறைவு. ("பேர் இல்லேன்னா பாட்டு வராதா பேட்டா?" என்று கேட்டார் கடைக்கார சாச்சா. நியாயம்தான்.)

அட்டைப் படத்தின்படி அதில் இருக்க வேண்டியவை: ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. புதிதாக வருபவர்களை மிரட்டும் இந்தப் பெயர்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து, வால்வின் இழையைச் சூடாக்கும் மின்சாரத்தைச் சொல்லும். 'ஈ' என்றால் 6.3 வோல்ட். 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர், எல்லா இழைகளும் மாலை போலத் தொடராகக் கோக்கப்படுபவை. அடுத்த எழுத்துகள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். 'பி' இரட்டை டயோடு, 'சி' டிரையோடு, 'எல்' ஒலியை ஸ்பீக்கருக்குத் தள்ளும் அவுட்புட் பென்டோடு, 'இசட்' முழு அலை ரெக்டிஃபையர். ஆக ஈஎல் 84 என்பது 6.3 வோல்ட் அவுட்புட் வால்வு. அமெரிக்கக்காரர்கள் இதே வால்வை 6பிகியூ5 என்று அழைத்தார்கள். முன்னால் இருக்கும் எண்தான் அவர்களுக்கு வோல்ட். பெயர் மாறினாலும் சரக்கு ஒன்று. கடையில் கேட்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் நல்லது.

என் பெட்டியில் ஈஎல் 84 இல்லை. அதன் இடத்தில் 6வி6 இருந்தது.

இது சும்மா மாற்றிச் செருகக்கூடிய விஷயமல்ல. ஈஎல் 84-க்கு ஒன்பது கால். கண்ணாடியிலிருந்தே நேராக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஊசிகள். 6வி6-க்கு எட்டுக்கால் பேஸ். 1935-இல் அமெரிக்காவில் உலோக உறை வால்வுகளோடு வந்த, நடுவில் சாவி போன்ற தண்டுடைய பெரிய பேஸ். அதற்கான சாக்கெட் இந்த ஓட்டையில் நுழையவே நுழையாது. யாரோ ஒரு மெக்கானிக் சேசிஸ் தகட்டை அரத்தால் ராவி, ஓட்டையைப் பெரிதாக்கி, புதிய சாக்கெட்டை ரிவெட் அடித்து இறுக்கியிருந்தார். ராவிய விளிம்பு இன்றைக்கும் தெரிகிறது. பெட்டியின் உட்புற மரத்தில் பென்சிலால் குஜராத்தியில் இரண்டு வார்த்தையும் ஒரு தேதியும்: 9-11-59.

ஒரு வால்வு போனால் அதே வால்வை வாங்கிப் போடாமல் ஏன் இவ்வளவு பாடு? இங்கேதான் வரலாறு வருகிறது.

இந்தியாவில் முறையான ஒலிபரப்பு 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கியது. அதை நடத்திய தனியார் கம்பெனி 1930-லேயே மூழ்கியது. அரசு ஏற்று நடத்தி, 1936-இல் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தது. சுதந்திரத்தின்போது இந்தியாவுக்கு மிஞ்சியவை ஆறே நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லக்னோ. (ஆறில் இரண்டு நம்முடையவை!) கம்பெனிகள் இங்கே பெட்டியைப் பூட்டி விற்றபோதும், உள்ளே இருந்த வால்வுகள் கப்பலில்தான் வந்தன. ரேடியோ என்பது கண்ணாடிக் குழாய்கள் கொண்ட ஓர் இறக்குமதிப் பொருள்.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-இல் தொடங்கியது. பெரிய தொழிற்சாலைகளுக்கான இயந்திர இறக்குமதியில், போர்க்காலத்தில் லண்டனில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு மளமளவென்று கரைந்தது. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதி உரிமங்கள் இறுக்கப்பட்டன. உருக்காலைக்கே டாலர் இல்லாதபோது ரேடியோ வால்வுக்கு யார் தருவார்கள்? பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்க ஆரம்பித்தது 1961-இல்தான். என் பெட்டியின் பென்சில் தேதி இந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவே விழுகிறது.

அப்படியானால் 6வி6 எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் இந்தியாவில் மலை மலையாகச் சரக்குகளைக் குவித்திருந்தன. போர் முடிந்ததும் அவை 'டிஸ்போசல்' சரக்காக விற்கப்பட்டன. தார்ப்பாய், பூட்ஸ், ஜீப் உதிரிகளோடு ரேடியோக் கருவிகளும் வால்வுகளும் பழைய பொருள் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தன. எட்டுக்கால் வால்வுகள் அந்தக் காலத்து ராணுவக் கருவிகளில் சர்வ சாதாரணம். 1959-இல் ஒரு பம்பாய் மெக்கானிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அதுதான் என்பது என் ஊகம். பர்மா போர்முனைக்கென்று வந்த வால்வு ஒன்று, ஏதோ ஒரு குஜராத்தி வீட்டுக் கூடத்தில் பாட்டுப் பாடியிருக்கலாம்!

அந்த வீட்டுக்காரர் ஏன் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை என்பதும் புரிகிறது. அகில இந்திய வானொலி 1952-வாக்கில், அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தது. நேயர்கள் ரேடியோ சிலோன் பக்கம் சாய்ந்தார்கள். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா தொடங்க, புதன்கிழமை இரவுகள் வடக்கே ஒரு திருவிழாவாயின. இழந்த நேயர்களைப் பிடிக்க 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது. இலங்கையின் தமிழ் ஒலிபரப்பு நம் பக்கத்தில் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் பெட்டியின் பேண்ட் ஸ்விட்சில் மீடியம் வேவ் தொடுமுனைகள் பளபளவென்று இருக்க, சிற்றலைத் தொடுமுனைகள்தான் தேய்ந்து கறுத்திருந்தன. கேட்டவர் என்ன கேட்டார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது அந்த மெக்கானிக்கின் வேலையைப் பார்ப்போம். என்னை அசத்தியது அதுதான். கையேட்டில் பார்த்தால், 250 வோல்ட்டில் ஈஎல் 84-இன் கிரிட்டுக்குச் சுமார் 7.3 வோல்ட் எதிர்மறை மின்னழுத்தம் வேண்டும். 6வி6-க்கு 12.5 வோல்ட். வால்வை மட்டும் மாற்றிவிட்டு அடியிலிருக்கும் கேத்தோடு ரெசிஸ்டரை அப்படியே விட்டிருந்தால், புது வால்வு கணக்கில்லாமல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரமே செத்திருக்கும். முதல் வால்வுக்கு 135 ஓம் போதும். என் பெட்டியில் இருந்தது 270 ஓம். கணக்குப் போட்டே வைத்திருக்கிறார்! அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மட்டும் தொடவில்லை. இரண்டு வால்வும் எதிர்பார்க்கும் சுமை ஏறக்குறைய ஒன்றே, ஐயாயிரம் ஓம் சுற்றுவட்டம். 6வி6-இன் இழை 0.45 ஆம்பியர்தான் கேட்கும், ஈஎல் 84 கேட்பது 0.76. ஆகவே பவர் டிரான்ஸ்பார்மருக்கும் நிம்மதி. நஷ்டம் என்னவென்றால் சத்தம் கொஞ்சம் குறையும், 5.7 வாட் இருந்த இடத்தில் 4.5 வாட். ஒரு கூடத்துக்கு அதுவே மிச்சம்.

இரண்டாவது தலைமுறை மருத்துவமும் நடந்திருக்கிறது. ரெக்டிஃபையர் வால்வின் சாக்கெட் காலி. அதன் கால்களுக்கிடையே இரண்டு பிஒய் 127 சிலிக்கான் டயோடுகள். 1970, 80-களில் நம் டிவிப் பெட்டிகளில் எங்கு பார்த்தாலும் இருந்த அதே டயோடு. இதை வைத்தவர் முந்தையவரைப் போல யோசிக்கவில்லை. வால்வு தானே தின்றுவிடும் வோல்ட்டேஜை டயோடு தின்னாது. வால்வு மெல்லச் சூடாகிப் பிறகுதான் மின்சாரம் தரும், டயோடு ஸ்விட்ச் போட்ட நொடியே தந்துவிடும். மற்ற வால்வுகள் தூக்கம் கலைவதற்குள் 350 வோல்ட்டுக்கு மேல் போய் நின்றால் கண்டென்சர்கள் என்ன பாடுபடும்? தொடராக ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வீங்கி வெடித்த ஃபில்டர் கண்டென்சர் அதற்குச் சாட்சி.

லேமிங்டன் ரோட்டில் லேப்டாப்புகளுக்கும் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் நடுவே ஒரு சந்துக் கடையில் ஈஇசட் 80 கிடைத்தது. டயோடுகளை எடுத்துவிட்டு அதைத் திரும்ப வைத்தேன். ஃபில்டருக்கு 33 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட். பெரியதாகப் போட்டால் உறுமல் குறையும் என்று ஆசைப்படாதீர்கள், இந்த ரெக்டிஃபையர் தாங்குவது 50 மைக்ரோ ஃபாரட் வரைதான். காகிதக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். அறுபது வருடத்தில் அவை கசியாமல் இருக்க வழியில்லை. முக்கியமாக ஈபிசி 81-இலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் அந்தச் சின்னக் கண்டென்சர். அது கசிந்தால் வால்வும் போகும், டிரான்ஸ்பார்மரும் போகும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நம் எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு போல, தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு. பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எரிந்து மங்கினால் மூச்சு விடலாம்.

ஓர் எச்சரிக்கை. 'யு' வரிசை வால்வுகள் கொண்ட பெட்டியைப் புதியவர்கள் தொடவேண்டாம். கல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் டி.சி. மின்சாரம் பல பத்தாண்டுகள் நீடித்தது. டி.சி.யில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. அதனால் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் பெட்டிகள் விற்றார்கள். அவற்றில் சேசிஸ் தகடே நேராக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால், தொடும் உலோகமெல்லாம் உயிருள்ள கம்பி.

6வி6 விஷயத்தில் எனக்கும் நண்பர் ஒருவருக்கும் தகராறே வந்தது. அவர் இந்தத் துறையில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர், நிறைய பெட்டிகளுக்கு உயிர் கொடுத்தவர். "ஓட்டையை ஒரு தகடு போட்டு அடைத்துவிட்டு ஒன்பது கால் சாக்கெட் வையுங்கள், ஈஎல் 84 நான் தருகிறேன்" என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்தது எப்படியோ அப்படி இருந்தால்தான் அது ரெஸ்டோரேஷன், மற்றதெல்லாம் ரிப்பேர் என்பது அவர் கட்சி. அதில் உண்மை உண்டு. தொழிற்சாலையின் எண்ணத்தைப் பாதுகாப்பதும் வரலாறுதான். ஆனால் தொழிற்சாலை எப்படிச் செய்தது என்று சொல்ல அந்த அட்டைப் படம் இருக்கிறது. 1959-இல் வால்வு கிடைக்காத ஊரில் ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு, ராவிய அந்த ஓட்டையையும் 270 ஓமையும் விட்டால் வேறு ஆவணம் எங்கே இருக்கிறது? அதே நியாயத்தில் டயோடுகளையும் விட்டிருக்க வேண்டாமா என்று மடக்கினார். பெட்டியைக் கொல்லும் வரலாற்றை நான் ஓர் உறையில் போட்டு உள்ளே ஒட்டிவைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியே செய்திருக்கிறேன்.

பெட்டி பாடுகிறது. பகலில் எல்.இ.டி. பல்புகளும் சார்ஜர்களும் வைஃபை பெட்டியும் சேர்ந்து மீடியம் வேவை இரைச்சலாக்கிவிடுகின்றன. அடுக்ககத்தில் குடியிருப்பவர்களின் தலைவிதி அது. இரவு பதினொன்றுக்கு மேல் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் கம்பியோரம் பத்தடி ஒயரை நீட்டினால் குரல்கள் தெளிகின்றன. டயல் கண்ணாடியில் அச்சடித்த ஊர்களில் பாதி இப்போது அந்த இடத்தில் இல்லை. முள்ளை இழுக்கும் டயல் நூல் மட்டும் இன்னும் வழுக்குகிறது. அதற்கு மீன்பிடிக்கும் நைலான் நூல் சரிப்படாது, நீண்டுவிடும். பருத்தி நூலில் மெழுகு தேய்த்துப் பார்க்கவேண்டும்.