அச்சம் விற்றவர் வரலாறு

சம்பள நாளன்று கடைவீதியில் துணி விரித்துப் புட்டிகளை அடுக்கி, வாலிபத்தில் செய்த தவறால் வீரியம் இழந்தவர்களை வாருங்கள் என்று கூவியழைத்த லேகியக்காரனைத் தோட்டத்தில் வாழ்ந்த நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவனைச் சூழ்ந்து நின்ற இளைஞரின் வாடிய முகங்களையும் கண்டிருக்கிறோம். அவன் விற்றது லேகியமன்று; அச்சம். அவ்வச்சம் எவரால் வளர்க்கப்பட்டது, எவ்வாறு பொய்யாயிற்று என்பதைச் சரித்திரங் கொண்டு ஆராய்வோம். இதனைப் பேசுவது நாணமற்ற செயலென்று சிலர் முகஞ் சுளிக்கலாம். பேசாதிருந்ததன் பயனே லேகியக்காரனின் இலாபம் என்பதை அன்னார் சிந்திப்பாராக.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் 'ஒனானியா' என்றொரு நூல் வெளிவந்தது. ஆசிரியர் தம் பெயரை வெளியிட்டாரில்லை. கரமைதுனம் மகாபாவம் என்றும், பற்பல நோய்களுக்கு அதுவே வித்து என்றும் அந்நூல் முழங்கிற்று. நோய் தீர வழி யாது? அந்நூலே விளம்பரஞ் செய்த மருந்துநீரையும் சூரணத்தையும் வாங்கி உண்ணவேண்டுமாம்! முதலில் நடுங்க வை, பின்னர் மருந்தை நீட்டு என்னும் வாணிபம் அன்றே அச்சேறிவிட்டது.

1760ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து லொசான் நகரின் புகழ்பெற்ற வைத்தியர் திஸ்ஸோ இவ்வச்சத்துக்குச் சாத்திரப் போர்வை போர்த்தினார். ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் இரத்தத்தை இழப்பதற்கு ஒப்பாகும் என்றார். நம்மவரும் நாற்பது சொட்டு இரத்தத்தால் ஒரு சொட்டு மச்சை, நாற்பது சொட்டு மச்சையால் ஒரு சொட்டு விந்து என்று வழிவழியாய்ச் சொல்லி வந்தனர். இருசாராரும் நிறுத்துப் பார்த்துச் சொன்னாரல்லர். விந்து இரத்தத்தை வடித்தெடுத்த சாறன்று. உடலின் சுரப்பிகள் ஓயாது உண்டாக்கும் நீர். வெளிப்படாதது உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் என்பதே இன்றைய உடற்கூற்று நூலின் முடிவு.

ஆயினும் பெரியோர் வாக்கு என்றால் உலகம் எளிதில் மறுப்பதில்லை. 1812இல் அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ரஷ் மனநோய் பற்றி எழுதிய நூலிலும் இப்பழக்கம் பித்துக்குக் காரணமாக எண்ணப்பட்டது. இம்மாயையை எதிர்த்தவருள் ஒருவர், விக்டோரியா மகாராணியாரின் அறுவை வைத்தியர் ஜேம்ஸ் பேஜட். 1875இல் அச்சான தமது சொற்பொழிவில், அளவொத்த இல்லற இன்பம் விளைக்கும் தீங்கைவிட இதனால் அதிகத் தீங்கில்லை என்று துணிந்துரைத்தார். அப்பழக்கத்தை அவர் மனமார வெறுத்தவரே. வெறுத்தும் உண்மையை மறைத்தாரில்லை; அதுவன்றோ அறிவுடைமை! பின்னர் 1948இல் கின்சி என்னும் பேராசிரியர் அமெரிக்க ஆடவரிடம் திரட்டிய விவரத்தில், நூற்றுக்கு 92 பேர் இப்பழக்கம் உடையவரென்று தெரியவந்தது. இது பித்துக்கு வித்தாயின் உலகமே பைத்தியக்காரச் சாலையாகியிருக்க வேண்டும்.

அச்சமோ உண்மையிலேயே நோயாயிற்று. விந்து நஷ்டமே காரணமென்று நம்பிச் சோர்வும் பலவீனமும் மனக்கலக்கமும் கொண்டு மருத்துவரை நாடும் ஆடவர் நிலையை 1960இல் இந்திய மனநல மருத்துவர் விக், 'தாது நோய்' என்று பெயரிட்டு விளக்கினார். திஸ்ஸோவின் அவுன்ஸ் கணக்கும் நம் நாற்பது சொட்டுக் கணக்கும் மனிதனை உருக்கிய விதம் இதுவே.

அப்படியாயின் காமப் பழக்கத்தால் துன்பமே இல்லையோ என வினவலாம். உண்டு. விடுக்க விரும்பியும் விடவியலாமல் இரவெல்லாம் கைப்பேசியில் படம் பார்த்து உறக்கமிழந்தவரும், வேலைக்குப் பிந்தியவரும், பொருளைத் தொலைத்து மனையாளை அழவைத்தவரும் உளர். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில் இதற்கும் ஓரிடம் உண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ உந்துதலை அடக்கவியலாது தோற்று, குடும்பமும் தொழிலும் உடல்நலமும் சீர்குலைந்தால் அது கோளாறு என்கிறது அப்பட்டியல். கூடவே, ஒழுக்கக் கண்டனத்தால் மட்டும் எழும் மனவேதனை இக்கோளாற்றுக்குச் சான்றாகாது என்றும் வரையறுக்கிறது. 'ஒனானியா' தொடங்கி வைத்த குழப்பத்துக்கு இவ்வொரு வரம்பே தக்க விடை. எத்தனை முறை என்பதன்று கேள்வி. வாழ்வு கெடுகிறதா, கட்டு நம் கையில் உளதா என்பதே கேள்வி.

கட்டு கைவிட்டவர்க்கு வழியும் உண்டு. தனிமை, சலிப்பு, கவலை, உறக்கமின்மை இவற்றுள் எது வந்தால் உந்துதல் எழுகிறதென்று நாள்தோறும் குறித்துவருதல் முதற்படி. அந்நேரத்தை நண்பர் கூட்டத்திலோ, உடற்பயிற்சியிலோ, நூலகத்திலோ செலவிடுதல் அடுத்தது. படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாமை பின்னது. ஒரு முறை தவறினால் எல்லாம் போயிற்று என்று சோராமல் மறுநாளே தொடர்வது அனைத்தினும் முக்கியம். இத்தனையும் போதாவிடில் மனநல மருத்துவரை நாடலாம். எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாய்த் திருத்தும் பயிற்சி அவரிடம் உண்டு. மனச்சோர்வு உடனிருப்பின் அதற்கும் மருந்து உண்டு. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

முந்நூறு ஆண்டுகளாக அச்சமும் வெட்கமும் ஊட்டப்பட்டன. அவற்றால் எவர் பழக்கமும் தீர்ந்ததாகச் சரித்திரம் காட்டவில்லை; புட்டி விற்றவர் பெட்டி நிறைந்ததையே காட்டுகிறது. சகோதரர்களே! மறைவில் குமுறும் இளைஞன் உங்கள் இல்லத்திலோ லயத்திலோ இருப்பின், அவனைப் பழியாதீர், அருகமர்ந்து பேசுங்கள். அந்த ஒரு நாழிகை, லேகியக்காரனுக்கு ஒரு வாடிக்கைக்காரனைக் குறைக்கும். நமக்கு ஒரு மனிதனை மீட்டுத் தரும்.