காசுக்கு மூன்று நாழி, ரூபாய்க்கு மூன்று படி

தேர்தல் நெருங்கினால் நம் ஊரில் இரண்டு கேள்விகள் கட்டாயம் சுற்றிவரும். ஒன்று: ‘இந்த ஆளு எவ்வளவு சேர்த்துட்டாரு?’ இரண்டு: ‘அரிசி என்ன விலை விக்குது?’

கேட்பதற்கு இரண்டும் ஒரே கேள்வி போலத்தான் இருக்கும். தலைவர் யோக்கியமாக இருந்தால் விலைவாசி தானாக இறங்கிவிடும் என்று சிலருக்கு நம்பிக்கை. விலைவாசி இறங்கினால் சரி, அவர் எவ்வளவு சேர்த்தால் நமக்கென்ன என்று வேறு சிலருக்கு சமாதானம். இந்த நம்பிக்கையும் தப்பு, அந்த சமாதானமும் தப்பு என்கிறது சரித்திரம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நெல்வயல் பூமியில் அதற்கு சாட்சி இருக்கிறது. அதுவும் கல்லில்!

பேரளம் பக்கத்தில் திருப்பாம்புரம் என்று ஓர் ஊர். ராகு - கேது பரிகாரத்துக்குப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு. ஆண்டு 1201. மூன்றாம் குலோத்துங்க சோழனின் ஆட்சி. பஞ்ச காலம். நெல், காசுக்கு மூன்று நாழி விற்கிறது. பிழைக்க வழி தெரியாத ஒரு வேளாளர், தன்னையும் தன்னுடைய இரண்டு மகள்களையும் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொள்கிறார். விலை, மூன்று பேருக்கும் சேர்த்து 110 காசு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காசுக்கு மூன்று நாழி என்றால் 110 காசுக்கு 330 நாழி. ஒரு கலத்துக்கு 96 நாழி. ஆக, மூன்று உயிர்களின் விலை மூன்றரைக் கலம் நெல்கூட இல்லை! இருநூறு வருஷத்துக்கு முன்னால், ராஜராஜன் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். அதாவது 192 நாழி. இடையில் காசின் மதிப்பு தேய்ந்திருக்கும் என்று தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்தத் தகப்பனின் நிலைமை புரிகிறதா?

சரி, அப்போது ஆண்டவர் ஏப்பைசாப்பையான ராஜாவா? இல்லவே இல்லை. மதுரையை வென்றவர். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், திருபுவனத்தில் நிற்கிறதே கம்பகரேசுவரர் கோயில், அதைக் கட்டியவர் அவர்தான். சோழர்கள் கட்டிய மாபெரும் கோயில்களின் வரிசையில் கடைசி. அந்த விமானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள், அதே ராஜாவின் காலத்தில் கொஞ்ச தூரத்தில் மகள்களோடு தன்னை விற்றுக்கொண்டவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நல்லது. ‘கஜானாவில் எவ்வளவு இருக்கிறது, களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது’ என்று ராஜாவைப் பார்த்துக் கேட்க அவருக்கு ஏது வழி?

அப்படியானால் சோழ நாட்டில் கணக்குக் கேட்கும் வழக்கமே கிடையாதா என்றால், இருந்தது. ராஜாவிடம் அல்ல, ஊர்ச் சபையில்!

அதற்குக் காவிரிக் கரையை விட்டுக் காஞ்சிபுரம் பக்கம் போக வேண்டும். உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குடத்தில் ஓலை போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொன்னது வரைதான் பலருக்கும் ஞாபகம் இருக்கும். யாருடைய பெயரைக் குடத்தில் போடவே கூடாது என்ற பட்டியல்தான் முக்கியம். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது! மாமன், மச்சான் வரை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிறர் பொருளை அபகரித்தவரும் கூடாது. வருகிறவரின் பொருள் நேர்வழியில் வந்ததாக இருக்க வேண்டும்.

கவனியுங்கள், ‘ஏழையாக இருக்க வேண்டும்’ என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லப்போனால், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவர்தான் நிற்கலாம். அதுவும் வேதம் படித்தவர். உழுகிறவனுக்கு அந்தக் குடத்தில் இடமே கிடையாது. அது பெரிய குறை. ஆனால் அவர்கள் பிடித்த புள்ளி சரியான புள்ளி. மனுஷன் நல்லவனா என்பதோடு நிற்கவில்லை. கணக்குக் காட்டினானா என்று கேட்டார்கள்.

இப்போது ஒரே தாவலாக 1967-க்கு வருவோம்.

1965, 1966 என்று அடுத்தடுத்த வருஷங்களில் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அரிசி தின்று வளர்ந்தவர்கள் ரேஷன் கடையில் நின்றார்கள். நெல் விளையும் பூமியான தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வெளியே நெல்லைக் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. முதலமைச்சர் பக்தவத்சலம். காங்கிரஸின் அகில இந்தியத் தலைவர் காமராஜர்.

காமராஜரின் நேர்மையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர் குடியிருந்தது தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில். அவருடைய சகா கக்கன், பொதுப்பணி, விவசாயம், போலீஸ் என்று பெரிய பெரிய இலாகாக்களைப் பார்த்தவர். 1981-ல் சாகும்வரை எளிமையாகவே இருந்தார். கை சுத்தம் என்றால் இவர்கள்தான்.

ஆனால் ஜனங்களின் கேள்வி வேறாக இருந்தது. ‘அய்யா, உங்க கை சுத்தம், சரி. எங்க பானை ஏன் காலி?’

அந்த நேரத்தில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. இந்தி எதிர்ப்புக் கோபத்தோடு அரிசிக் கோபமும் சேர்ந்துகொள்ள, காங்கிரஸ் கவிழ்ந்தது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். கக்கனும் தோற்றார்.

1201-ல் காசுக்கு மூன்று நாழி என்பது பஞ்சத்தின் விலை. 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி என்பது கனவின் விலை. அன்று தன்னை விற்க வேண்டியிருந்தவனின் வம்சத்துக்கு இன்று ஓட்டு இருந்தது. வித்தியாசம் அதுதான். அதைச் சின்ன வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கனவு பலித்ததா? 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தை அண்ணா தொடங்கினார். ஒரு படி என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கஜானா அதற்கு மேல் தாங்கவில்லை. மூன்று படி கடைசிவரை லட்சியமாகவே நின்றுவிட்டது. அண்ணாவும் சொத்து சேர்த்தவர் அல்ல. அவருடைய நேர்மையாலும் மூன்று படியைக் கொண்டுவர முடியவில்லை. அரிசிக்குப் பணம் வேண்டும், கிட்டங்கி வேண்டும், லாரி வேண்டும்.

நகரத்துக்கு ஒரு படி வந்தது. அந்த நெல்லை நட்டு, அறுத்து, களத்தில் அடித்துக் கொடுத்தவர்களுக்கு?

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ்க்கோடியில் இருந்த கீழ்வெண்மணி. கூலி நெல்லில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு, சங்கம் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. இடையில், 1969-ல், கீழத்தஞ்சைக்கு என்றே நியாயக் கூலிச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் எவ்வளவு தாமதமாக!

‘விலைவாசி’ என்று நாம் பேசும்போது வாங்குகிறவனின் விலையைத்தான் பேசுகிறோம். விளைவிக்கிறவனின் கூலி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. திருப்பாம்புரத்துக்காரரும் நெல் விளையும் பூமியில் இருந்துகொண்டேதான் நெல் இல்லாமல் தன்னை விற்றார்.

அதற்குப் பிறகு கதை வேகமாக நகர்ந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2006-ல் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய். 2008-ல் ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். அண்ணாவின் மூன்று படியை அரசாங்கம் எப்போதோ தாண்டிவிட்டது. இதைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒரு தடவை திருப்பாம்புரம் போய்வரலாம்.

ஆனால் இதே காலத்தில்தான் அந்த முதல் கேள்வியும் பெரிதானது. 1976-ல் தி.மு.க. ஆட்சி மீதான புகார்களை விசாரிக்க சர்க்காரியா கமிஷன். அது யாருக்கும் தண்டனையாக முடியவில்லை. பிறகு ஜெயலலிதா மீது சொத்துக் குவிப்பு வழக்கு. 2017-ல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தபோது, அவர் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அரிசி மலிவாகக் கிடைத்ததால் சொத்துக் கேள்வி செத்துவிடவில்லை.

உத்தரமேரூர் ஓலையின் இன்றைய வடிவம் எது தெரியுமா? வேட்புமனுவோடு சேர்க்கிற பிரமாணப் பத்திரம். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வேட்பாளர்கள் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டியதானது. சொத்து மட்டும் போதாது, வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லு என்றது 2018-ஆம் வருஷத் தீர்ப்பு. பொருள் நேர்வழியில் வந்ததா என்று 921-ல் கேட்ட அதே கேள்விதான்! எல்லோரும் பார்க்கும்படி தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அது கிடக்கிறது. நம்மில் எத்தனை பேர் எடுத்துப் படித்தோம்?

இன்னொன்று. நேர்மை என்பது கோட்டையில் இருப்பவர்களின் விஷயம் மட்டுமல்ல. கும்பகோணத்தைச் சுற்றி அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையங்களைப் பாருங்கள். 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை வருஷங்களில் டெல்லியைக் கேட்டு அதைத் தளர்த்த வேண்டும். அதுவரை நெல் குவியல் சாலையோரம் தார்ப்பாய்க்கடியில் முளைவிட்டுக்கொண்டிருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று மாமூல் கேட்கிறார்கள் என்ற புகாரும் தவறாமல் எழும். அந்த இடத்தில் சொத்துக் கேள்வியும் அரிசிக் கேள்வியும் ஒரே தராசில் ஏறி நிற்கின்றன.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் இறந்தபோது அவரிடம் இருந்தது சில வேட்டி சட்டைகளும் கொஞ்சம் ரொக்கமும்தான். அதைச் சொல்லிச் சொல்லி நாம் உருகுகிறோம். உருகுவதில் தப்பில்லை. ஆனால் 1967-ல் அவரைத் தோற்கடித்தவர்களை நன்றி கெட்டவர்கள் என்று திட்டுவது நியாயமில்லை. அவர்கள் கேட்டது இரண்டாவது கணக்கு. அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அடுத்த தடவை உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் ‘நான் சுத்தம்’ என்றால், அரிசிக் கணக்கைக் கேளுங்கள். ‘அரிசி கொடுத்தேன்’ என்றால், சொத்துக் கணக்கைக் கேளுங்கள். இரண்டையும் காட்டிவிட்டார் என்றால், அறுத்தவனுக்கு என்ன கூலி என்று மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்.