சப்ரகமுவவும் உலக மரபுரிமைப் பாதுகாப்பும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தில் பண்பாட்டுச் சிறப்புக்காக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இடம் எதுவும் இல்லை. இங்கிருந்து அதில் ஏறியவை காடுகளே.

எகிப்தில் அஸ்வான் அணை நீரில் மூழ்கவிருந்த அபு சிம்பல் கோயில்களை மீட்க 1960இல் யுனெஸ்கோ உலக நாடுகளின் உதவியைத் திரட்டியது. அந்த அனுபவத்தின் பின், 1972இல் இப்பட்டியலுக்கு அடிப்படையான உலக மரபுரிமை உடன்படிக்கை உருவானது. இலங்கை அதில் 1980இல் சேர்ந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா மூன்றும் 1982இல் பட்டியலுக்கு வந்தன. கண்டி நகரமும் காலிக் கோட்டையும் 1988இல் சேர்ந்தன.

அதே ஆண்டில், சப்ரகமுவவிலும் பரந்துள்ள சிங்கராஜ வனமும் இடம்பெற்றது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே அது நின்றது.

சிவனொளிபாதமலையின் கதை வேறு. 2,243 மீட்டர் உயரமுள்ள இந்த மலையைச் சைவர் சிவனின் பாதம் என்றும், பௌத்தர் புத்தரின் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதமின் பாதம் என்றும் போற்றுகின்றனர். முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களின் உணவுக்காக இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டான். 14ஆம் நூற்றாண்டில் உலகப் பயணி இபுனு பதூதா இதில் ஏறினார். இன்றும் உச்சிக்குச் செல்பவர், எத்தனையாவது முறை ஏறினாரோ அத்தனை முறை மணியை அடிக்கிறார். இம்மலையை உள்ளடக்கிய மத்திய மலைநாட்டைப் பண்பாடு, இயற்கை ஆகிய இரண்டின் பெயராலும் சேர்க்குமாறு இலங்கை கேட்டது. 2010இல் பிரேசிலியாவில் கூடிய உலக மரபுரிமைக் குழு இயற்கையை மட்டும் ஏற்றது. ஆயிரம் ஆண்டு யாத்திரைக்கு இது நியாயமான தீர்ப்பன்று.

குருவிட்டவின் படதொம்பலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. அக்குகையும் பட்டியலில் இல்லை.

பெருந்தோட்ட மரபுரிமையின் நிலை இன்னும் பின்தங்கியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது; பிந்தியதைக் காக்கத் தனி அறிவிப்பு வேண்டும். பெருந்தோட்டங்கள் தொடங்கியதோ 1820களில். ஆகவே தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், மேல்மாடியில் கொழுந்து வாட்டும் பழைய ஸ்டோர், கேகாலையின் இறப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஆகிய எதற்கும் அச்சட்டம் தானாகக் காவல் நிற்பதில்லை. லயத்தில் மக்களை அடைத்து வைத்துக்கொண்டு அதை மரபுரிமை என்று கொண்டாடக் கூடாது. அவர்களுக்குக் காணியும் வீடும் கிடைக்க வேண்டும். அதே வேளையில், அந்த வாழ்வின் சாட்சியாக ஓரிரு லயங்களாவது இடிபடாமல் நிற்க வேண்டும்.

கட்டடமில்லாத மரபுகளைக் காக்க யுனெஸ்கோ 2003இல் வேறோர் உடன்படிக்கை செய்தது. அதன்வழி இலங்கையின் நூல் பொம்மலாட்டம் 2018இல் உலக அங்கீகாரம் பெற்றது. மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்துக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. கூத்தின் பாடல்களையும் அதைப் பழக்கும் வாத்திமார் பெயர்களையும் தோட்டத்து இளைஞர்கள் இப்போதே எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைக்க வேண்டும்.