ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் அயல்நாட்டு நிபுணர்கள்

தொழில்தேர்ச்சி பெற்றோரை வெளிதேசங்களிலிருந்து வரவழைக்கும் உபாயம் நாட்டுக்கு நாடு வேறுபடும். கனடா, கல்வி, வயது, மொழியறிவு முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1967-இலேயே ஏற்படுத்திற்று. ஜெர்மனியோ, தேர்ச்சியுள்ளோர் நேரில் வந்து தங்கி வேலை தேடிக்கொள்வதற்கென்றே ‘வாய்ப்பு அட்டை’ ஒன்றை 2024 ஜூன் முதல் வழங்கிவருகிறது. அங்கெல்லாம் தேசம் தனிமனிதனை அழைக்கிறது. இந்தியா மூலதனத்தை அழைக்கிறது. நிபுணர் அதன் பின்னே வருகிறார். இம்முறையின் குணமும் குறையும் ஒருங்கே தெரியும் இடம், காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரம்.

இராமாநுஜர் அவதரித்த தலமென்றே பல நூற்றாண்டுகள் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1996-இல் இந்தியாவுக்கு வந்த கொரியாவின் ஹூண்டாய் ஸ்தாபனம் தொழிற்சாலை நிறுவி, 1998-இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. பிரான்சின் செயின்ட் கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலை 2000-இலும், பின்லாந்தின் நோக்கியா 2006-இலும் உற்பத்தியைத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் 2010-இலும், ஜெர்மனியின் டைம்லர் 2012-இலும் வாகன உற்பத்தியை ஆரம்பித்தன. நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஹூண்டாயைத் தொடர்ந்து அதற்கு உதிரிபாகம் செய்துதரும் கொரிய ஸ்தாபனங்கள் பலவும் வந்தமையால், இவ்வட்டார அயல்நாட்டாரில் கொரியர் தனியே எடுத்துச் சொல்லத்தக்க கூட்டத்தினராயினர். விடுதிகளிலும் உணவகங்களிலும் கொரிய எழுத்துப் பலகைகள் தொங்குவது இங்கே சாதாரணக் காட்சி.

இவர்களுக்குரிய வேலை விசாவின் நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. தகுதியுள்ள இந்தியர் ஏராளமாகக் கிடைக்கும் வேலைக்கும், எழுத்தர் வேலை போன்ற சாமானிய உத்தியோகத்துக்கும் விசா கிடையாது. வருஷச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையலாகாது என்பது பொதுவிதி. இவ்விதிக்கு விலக்குப் பெற்றவருள் தம் நாட்டுப் பாகம் சமைக்கும் சமையற்காரரும், ஆங்கிலமல்லாத பிற மொழிகளை மொழிபெயர்ப்போரும் உண்டு. இது மிக விவேகமான விலக்கு என்பேன். ஏனெனில், புதிய யந்திரத்தைப் பொருத்தி, ‘டிரையல்’ ஓட்டிப் பார்த்து, ‘லைன்’ ஏன் நின்றது என்று ஆராயும் வேளையில், நிபுணருக்கும் நம் தொழிலாளிக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரின்றி அவ்வித்தை கைமாறுவது அரிது. நாவுக்குப் பழகிய உணவின்றி அந்நிபுணர் இரண்டு மூன்று வருஷம் தங்குவதும் அரிது.

சேமநிதி விஷயம் நெடுநாள் இடையூறாயிருந்தது. 2008 அக்டோபர் முதல் அயல்நாட்டு ஊழியரும் வருங்கால வைப்புநிதியில் சேரவேண்டியவராயினர். தம் நாட்டிலும் இங்கும் இரட்டைச் சந்தா கட்டும் இத்தொல்லை, சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்களால் நீங்கிற்று. கொரியாவுடன் செய்துகொண்டது 2011 நவம்பரிலும், ஜப்பானுடன் செய்துகொண்டது 2016 அக்டோபரிலும் அமலுக்கு வந்தன. குடும்பத்தோடு வருவோரில் பலர் சர்வதேசப் பாடசாலைகளை முன்னிட்டுச் சென்னையிலேயே வசித்து, சுமார் 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணத்தை நாள்தோறும் மேற்கொள்கின்றனர். நல்ல பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்பேட்டைக்கு அருகிலேயே அமைந்தாலன்றி, சலுகைகள் எத்தனை அளித்தும், நிபுணரின் குடும்பம் இங்கே வேரூன்றுவதற்கில்லை.

வேரூன்றவேண்டுமென்று சட்டமும் எதிர்பார்க்கவில்லை. அயல்நாட்டாருக்கு நீண்டகால வாசம் அளிக்கும் திட்டமொன்றை மத்திய அரசு 2016-இல் வகுத்தபோது, 10 கோடி ரூபாய்க்குக் குறையாத முதலீட்டையே அதற்குத் தகுதியாக வைத்தது, வித்தையை வைக்கவில்லை. வேலை விசாவும் ஊழியரை அழைத்த ஸ்தாபனத்தோடு பிணைத்தே வழங்கப்படுகிறது. ஆகையால் வருவோர் பெரும்பாலும் தலைமை ஸ்தாபனத்தால் அனுப்பப்பட்டு, தவணை முடிந்ததும் மீள்பவர்கள். 2020-க்குப் பின் சீன நிபுணர்களுக்கு விசா கிடைப்பது அரிதானபோது, நாட்டின் மின்னணுத் தொழிற்சாலைகளில் யந்திரம் நிறுவும் பணிகள் தாமதப்பட்டமை, பிறர் கையை எதிர்பார்த்து நிற்பதிலுள்ள ஆபத்தை நன்கு காட்டிற்று.

திரும்பிப் போகிறவரை வரவழைக்கும் தேசம், அவர் இருக்கும் நாளிலேயே வித்தையைக் கற்றுக்கொண்டாகவேண்டும். நிலமும் வரிச்சலுகையும் அளித்து ஒப்பந்தம் செய்யும் அரசு, அயல்நாட்டு நிபுணர் ஒவ்வொருவருக்கும் இணையாக உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரையாவது பயிற்றவேண்டுமென்று அவ்வொப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதுவது அவசியம்.