மணல் வீச்சுப் பெட்டி: ஒரு வரலாறு

துருப்பிடித்த போல்ட்டையோ கரி படிந்த கார்புரேட்டர் மூடியையோ உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பார்த்தவர்களுக்கு, இடுக்குகளுக்குள் தாள் போகாது என்பது தெரியும். அத்தகைய இடங்களில் நுண்ணிய மணலைக் காற்றின் விசையோடு வீசிச் சுத்தம் செய்வது மணல் வீச்சு எனப்படும். பட்டறைகளில் இதைச் சாண்ட் பிளாஸ்டிங் என்பார்கள். சிறு உறுப்புகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியிலிருந்து கையுறைகளின் வழியாகக் கைகளை நுழைத்து இவ்வேலையைச் செய்ய உதவும் சாதனமே மணல் வீச்சுப் பெட்டி. பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்களில் பலர் இதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். மணல் வீச்சு பிறந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அது மூடிய பெட்டிக்குள் செய்யப்பட வேண்டிய வேலை என்பது மிகவும் தாமதமாகவே உணரப்பட்டது.

டில்மனின் காப்புரிமை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன் (1821–1901) 1870 அக்டோபர் மாதத்தில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக இருந்தவர். கறுப்பின வீரர்களைக் கொண்ட காலாட்படை ஒன்றுக்குத் தலைமை வகித்தவர். மரத்திலிருந்து காகிதக் கூழ் எடுக்கும் சல்பைட்டு முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றவரும் இவரே. பாலைவனக் காற்றோடு வந்த மணல் சன்னல் கண்ணாடிகளை மங்கச் செய்திருந்ததைக் கண்டபோது அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பார்கள். நியூட்டனின் ஆப்பிளைப் போல இதையும் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காற்று மணல் கண்ணாடியை அரிக்கும் என்பது உண்மை.

அவருடைய காப்புரிமையில் மணலை உந்துவதற்கு நீராவி, காற்று, நீர் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. தொடக்க காலத்தில் நீராவியே அதிகம் பயன்பட்டது. அந்நாளில் பார்த்தவர்களைப் பெரிதும் வியக்க வைத்தது வேறொன்று. கண்ணாடியின் மேல் ஒரு இலையையோ பூப்பின்னல் துணியையோ வைத்து மணலை வீசினால், கண்ணாடி அரிபடும். இலையும் துணியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். காரணம் எளிது. மணல் துகள் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள பொருளில் மோதும்போது அதன் மேற்பரப்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது. மென்மையான பொருளோ சற்றே வளைந்து கொடுத்து, துகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. புயலில் பனைமரம் முறிய, புல் தப்பிப்பதைப் போல என்று வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

இந்தப் பண்பைக் கொண்டு கண்ணாடியில் சித்திரம் தீட்டினார்கள். கல்லில் எழுத்துப் பொறித்தார்கள். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்கு ஏராளமான கல்லறைக் கற்கள் தேவைப்பட்டபோது, வெர்மான்ட் மாநிலத்தின் வெஸ்ட் ரட்லண்டில் சலவைக்கற்களின் மேல் எழுத்துகள் மணல் வீச்சால் பொறிக்கப்பட்டன. ஒரு பெயரை உளியால் செதுக்க ஆகும் நேரம் சில நிமிடங்களாகக் குறைந்தது. வார்ப்பாலைகள், கப்பல் தளங்கள், பாலங்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை எங்கும் பரவியது. அழுத்தக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர்கள் பெருகியதும் நீராவி ஒதுங்கிக்கொண்டது.

தூசி

காப்புரிமை வழங்கப்பட்ட அதே 1870ஆம் ஆண்டில், இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய அக்கீலே விஸ்கோன்டி என்பவர் ஒரு நுரையீரல் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயரிட்டார். சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. நோய் புதியதும் அன்று. சுரங்கத் தூசி தொழிலாளரின் நுரையீரலைத் தின்றுவிடுவதை 16ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் அக்ரிகோலா எழுதியிருக்கிறார். கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை இழந்த பெண்கள் இருந்தார்கள் என்பது அவர் தரும் செய்தி.

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. கடற்கரையில் கிடக்கும்போது அது யாரையும் எதுவும் செய்வதில்லை. அந்த மணி பெரியது, மூச்சோடு உள்ளே போகாது. வேகமாக வீசப்பட்டு இரும்பில் மோதும்போது அது உடைகிறது. அந்த உடைசலில் சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள துகள்கள் பிறக்கின்றன. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்றால் ஒப்பிட்டுக் கொள்ளலாம். இவை கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நெடுநேரம் மிதக்கும். நுரையீரலின் அடி அறைகளுக்குள் சென்று தங்கும். அவற்றை விழுங்க வரும் பாதுகாப்பு உயிரணுக்கள் அழிய, அந்த இடத்தில் தழும்பு உண்டாகும். தழும்பு பரவப் பரவ மூச்சு சுருங்கும். இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. சுரங்கத் தொழிலாளருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் நோய், மணல் வீச்சுத் தொழிலாளர் சிலருக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே வந்தது. காசநோயும் இதனோடு எளிதில் சேர்ந்துகொள்வதால், பலருக்குக் காசநோய்க்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பிரிட்டன் 1949இல் கொண்டுவந்த விதிகளின்படி வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. டில்மன் காப்புரிமை பெற்று ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்த பின்னர்! அமெரிக்காவில் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1974இல் இத்தகைய தடையைப் பரிந்துரைத்தது, பரிந்துரை சட்டமாகவில்லை. படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பழைய கதை புதிய இடத்தில் தொடங்கியது. ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்து பழையது போலக் காட்ட, துருக்கியின் சிறு பட்டறைகளில் மணலை வீசினார்கள். அங்கே வேலை செய்த இளைஞர் இருவருக்குச் சிலிக்கோசிஸ் வந்ததை 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் மேலும் பலர் கண்டறியப்பட்டனர். 2009இல் துருக்கி இதற்குத் தடை விதித்தது. பழையதைப் புதியதாக்கப் பிறந்த தொழில், புதியதைப் பழையதாக்க உயிர்களை வாங்கியது.

நம் நாட்டிலும் இந்நோய் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிலேட்டுக் குச்சிகளை எந்திர ரம்பத்தால் அறுத்த தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்தது. அது மணல் வீச்சு அன்று. ஆனால் தூசி அதே தூசி. எத்தனையோ ஆண்டுகள் சிலேட்டும் குச்சியும் கொடுத்து எழுத்து கற்பித்த நான் இதை ஓய்வு பெற்ற பின்னரே படித்து அறிந்தேன்.

வீட்டில் செய்யும் பெட்டி

சிறு பெட்டி நமக்குப் புதியதன்று. வண்டிப் பட்டறைகளில் ஸ்பார்க் பிளக்கின் முனையைத் துளையில் செருகிக் காற்றும் மணலும் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் எந்திரம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அதைச் சற்றுப் பெரிதாக்கியதுதான் கையுறைப் பெட்டி.

பிளைவுட், தகரம், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஆகிய எதிலும் இதைச் செய்யலாம். அடிப்பகுதி புனல் போலச் சரிந்திருந்தால், வீசப்பட்ட துகள்கள் வழிந்து ஓரிடத்தில் சேரும். அதற்கு மேலே கம்பி வலைத் தட்டு. முன்புறம் கையுறைகள் பொருத்திய இரு வட்டத் துளைகள். மேலே பார்க்கும் கண்ணாடியும் விளக்கும். துப்பாக்கி என்று சொல்லப்படும் கருவியின் வேலை, கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பின் வேலைதான். வேகமாகப் பாயும் காற்று தன்னைச் சுற்றியுள்ளதையும் இழுத்துச் செல்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. அடியில் கிடக்கும் துகள் குழாய் வழியே ஏறி வருகிறது.

செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது கம்ப்ரசரில். 3 மி.மீ. காற்றுத் துளையில் 80 பிஎஸ்ஐ அழுத்தம் நிற்க வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் காற்று வேண்டும். 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் தருவதோ 200 லிட்டர் அளவுதான். துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் காற்றுத் தேவை நான்கில் ஒரு பங்காகும். சிறு உறுப்புகளுக்கு அது போதும். பொறுமை மட்டும் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கம்ப்ரசர் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளும். தண்ணீர் பிரிக்கும் வடிகலன் இல்லாவிட்டால் துகள் கட்டிபட்டுக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பார்க்கும் கண்ணாடி விரைவில் மங்கிப் போகும். ஆகவே உள்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மங்கியதும் மாற்றிவிடுவார்கள்.

என்னிடம் படித்த ஒருவர் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் செய்த பெட்டியைக் காட்ட அழைத்தபோது, வீடு கட்ட இறக்கிய ஆற்றுமணலைச் சலித்துப் போட்டிருந்தார். பெட்டி நேர்த்தியானது. ஆனால் மூடி ஓரத்தில் வெயில் பட்ட இடத்தில் தூசி புகை போல எழுந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு கைக்குட்டை. "சார், அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றார்.

மணலுக்கு மாற்று உண்டு. அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணிகள், கார்னெட் ஆகியவை கடைகளில் கிடைக்கின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளின் செந்நிறக் கார்னெட் மணல் இவ்வேலைக்காகவே வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. அங்கே அதை அள்ளுவதை 2013இல் தமிழக அரசு நிறுத்தியது. மாற்றுப் பொருள்களிலும் தூசி எழும். சுத்தம் செய்யப்படும் பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருக்கலாம். எனவே பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால், இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிரத் தூசி வெளியே வராது. இதற்கு நுண்துகள் வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர் வேண்டும். சாதாரணத் துணிப்பை நுண்ணிய தூசியை மறுபக்கம் ஊதிவிடும். முகத்துக்குக் கைக்குட்டை உதவாது, என்95 வகை முகமூடியாவது வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் துகள் உரசி நிலைமின்னேற்றம் சேர்ந்து கையில் சுரீரென்று அடிக்கும். துப்பாக்கியிலிருந்தும் வலைத் தட்டிலிருந்தும் ஒரு கம்பியைத் தரையிணைப்பில் சேர்த்தால் அது நிற்கும்.

வீச்சை நிறுத்தியவுடன் மூடியைத் திறக்காமல், உறிஞ்சியைச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். சிந்திய தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உடையில் ஒட்டியதைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அதையும் விட வேண்டும். அந்த மாணவர் ஆற்றுமணலைக் கொட்டிவிட்டு இப்போது கண்ணாடி மணிகள் வாங்கிப் போடுகிறார். உறிஞ்சி மட்டும் இன்னும் வாங்கவில்லை.