மறுமணம் அழிக்கும் உயில், அழிக்காத உயில்

பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த அடுக்ககம் ஒன்றில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இருவரும் சுயசம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை மனைவிக்கும் மகளுக்கும் சரிபாதியாக உயில் எழுதியவர்கள். பிறகு விவாகரத்து, மறுமணம். புது மனைவி ஒரு மகனோடு வந்தார். பழைய உயில் பீரோவிலேயே கிடக்கிறது.

இரண்டு உயிலுக்கும் சட்டம் ஒன்றே: 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். விடை மட்டும் நேரெதிர். 69ஆவது பிரிவுப்படி கிறிஸ்தவரின் உயில் மறுமணத்தன்றே ரத்து. இந்துவின் உயிலைத் திருமணம் ரத்து செய்யாது என்கிறது 57ஆவது பிரிவு. ரத்தாகும் விதி இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. சென்னைப் பட்டினத்துக்கும் பொருந்திய 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் அதை ஏற்கவில்லை. பலதார மணம் செல்லுபடியான காலம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உயில் செத்துப்போனால் சரிப்படாது என்று நினைத்திருப்பார்கள் போலும். 1955இல் பலதார மணம் போனது, விலக்கு போகவில்லை.

ஆக, இந்து இறந்தால் பாதி வீடு முன்னாள் மனைவிக்கு. விவாகரத்தானவரை இறந்தவராகக் கருதி உயிலைப் படிக்கும் விதி இங்கிலாந்தில் உண்டு, இங்கே இல்லை. "அதான் கோர்ட்லயே எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்று நம்பி இருப்பவர்கள்தான் அதிகம்.

எதிர்வீட்டில் கணக்கே வேறு. உயில் இல்லாதவராகிவிட்டதால் புது மனைவிக்கு மூன்றில் ஒன்று, மகளுக்கு மூன்றில் இரண்டு. அவர் தன் வயதான தாய்க்கு ஒரு தொகை எழுதியிருந்தால் அதுவும் போச்சு. பிள்ளை இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. விவரம் தெரிந்து கல்யாணத்துக்கு முந்தின வாரமே புது மனைவி பெயருக்கு எழுதினாலும் பயனில்லை, தாலி கட்டியதும் அதுவும் ரத்து. கல்யாணத்துக்குப் பிறகுதான் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், 69ஐ எடுத்துவிடலாம். விதி பிறந்த இங்கிலாந்திலேயே சட்ட ஆணையம் 2025இல் அதை நீக்கப் பரிந்துரைத்துவிட்டது.

கூட வந்த மகனுக்கு இரு வீட்டிலும் உயில் இல்லாமல் ஒன்றுமில்லை. சட்டத்தின் பார்வையில் அவன் வாரிசு அல்ல. "என் பிள்ளைகளுக்குச் சமமாக" என்று எழுதினாலும் வழக்குக்கு வழிதான். பெயர் சொல்லி எழுத வேண்டும்.

புது உயிலில் முந்தையவை எல்லாம் ரத்து என்ற வரி அவசியம். சாட்சிகள் இருவர். புது மனைவியே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கிறிஸ்தவரின் உயிலில் அவருக்கு எழுதியது செல்லாது. இந்துவின் உயிலுக்கு இந்த விதி பொருந்தாது, ஆனாலும் வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? பழையது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்று தயங்கத் தேவையில்லை. முறைப்படி எழுதிய பிந்தைய உயில், பதிவாகாவிட்டாலும், அதை மிஞ்சும். வங்கிக் கணக்கில் நாமினி இன்னும் முதல் மனைவிதானா என்று அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது. நாமினி பணத்தை வாங்கித் தருபவர்தான், உரிமையாளர் அல்ல. ஆனால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு அலைவது யார்?