பெயர் எழுதப்படாத ஏடுகள்: மணலிக்கரைச் சுவடியும் பாஸன் வழக்கும்

பத்மநாபபுரத்திற்கு அருகே உள்ளது மணலிக்கரை. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியுள்ள இவ்வூர், 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துடன் இணையும் வரை திருவனந்தபுரத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கல்வெட்டு ஆய்வாளருக்கு இவ்வூர்ப் பெயர் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டு வேணாட்டு அரசன் ஒருவனின் ஆணையைத் தாங்கிய கல் இங்குண்டு. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, வேணாட்டு மன்னர் வரிசையை ஆராய்ந்தபோது அக்கல்லைச் சான்றாகக் கொண்டார். அக்கல்லில் அரசனின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஊரின் மடம் ஒன்றிலிருந்து பின்னர் வெளிவந்த ஓலைச்சுவடியிலோ நாடகங்கள் இருந்தன. அவற்றை இயற்றியவரின் பெயர் இல்லை. நூறாண்டைக் கடந்தும் முடியாத ஒரு வழக்கு அவ்விடைவெளியிலிருந்து பிறந்தது.

சுவடியைக் கண்டவர் டி. கணபதி சாஸ்திரி. 1860இல் திருநெல்வேலிச் சீமையின் தருவை என்னும் ஊரில் பிறந்து, இளமையிலேயே திருவனந்தபுரம் சென்று அங்கேயே நிலைகொண்ட தமிழர். உ.வே. சாமிநாதையரைவிட ஐந்து ஆண்டு இளையவர். குடந்தையிலும் சென்னையிலும் ஐயர் தனியொருவராய் ஊர் ஊராகச் சுவடி தேடிய காலத்தில், சாஸ்திரிக்கு ஓர் அரசின் ஆதரவு வாய்த்தது. 1905இல் திருவனந்தபுரம் ஸம்ஸ்கிருத நூல்வரிசை தொடங்கியது. 1908இல் சுவடிப் பதிப்புக்கெனத் திருவிதாங்கூர் அரசு தனித்துறை அமைத்து அவரை அதன் பொறுப்பாளராக்கியது. அத்துறையின் சேகரிப்பே பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, இன்று காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமுமாக விளங்குகிறது.

1909–10 ஆண்டுகளில் மணலிக்கரை மடத்தில் கிடைத்த கட்டு 105 ஏடுகள் கொண்டது. எழுத்து பழைய மலையாளம். மொழி வடமொழியும் பிராகிருதமும். ஏறத்தாழ முந்நூறாண்டுப் பழமையுடையது என சாஸ்திரி மதிப்பிட்டார். பத்து நாடகங்கள் முழுமையாகவும், பதினோராவது நாடகத்தின் தொடக்கம் மட்டுமாகவும் அதில் இருந்தன. பின்னர்க் கடுத்துருத்திக்கு அருகிலுள்ள கைலாசபுரத்திலிருந்து மேலும் இரண்டு கிடைத்தன. ஆகப் பதின்மூன்று. வடமொழி நாடகத்தின் முன்னுரைப் பகுதியில் சூத்திரதாரன் மேடையேறி, ஆடப்போகும் நாடகம் இன்னது, இயற்றியவர் இன்னார் என்று சொல்வது பெருவழக்கு. காளிதாசன் அவ்வாறே தன் பெயரைச் சொல்லவைக்கிறான். இப்பதின்மூன்றில் ஒன்றிலும் அந்த அறிவிப்பு இல்லை. ஏட்டின் இறுதிக் குறிப்பிலும் நாடகத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது.

பாஸன் என்னும் பெயர் மட்டும் நெடுங்காலமாக அறிஞர் நாவில் இருந்தது. மாளவிகாக்னிமித்திரத்தில் காளிதாசனே அவனைப் புகழ்பெற்ற முன்னோனாகக் குறிப்பிடுகிறான். பாணனும் குறிப்பிடுகிறான். ராஜசேகரன் பெயரால் வழங்கும் தனிச்செய்யுள் ஒன்று, ஸ்வப்னவாசவதத்தம் பாஸனுடையது என்கிறது. பெயர் இருந்தது, நூல் இல்லை. மணலிக்கரையிலோ நூல் இருந்தது, பெயர் இல்லை. இரண்டையும் இணைக்க சாஸ்திரி அமைத்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பாஸனின் நாடகங்கள் சூத்திரதாரனைக் கொண்டு தொடங்குவன என்கிறான் பாணன். இவையும் நாந்தி முடிந்தபின் சூத்திரதாரன் வருகையோடு தொடங்குகின்றன. முன்னுரைப் பகுதியைப் பிற நாடகங்கள் ‘பிரஸ்தாவனை’ என்று வழங்க, இவை ‘ஸ்தாபனை’ என்கின்றன. சொல்லாட்சியும் சில செய்யுளடிகளும் நாடகத்திற்கு நாடகம் திரும்ப வருகின்றன. எனவே பதின்மூன்றும் ஒருவர் கைப்பட்டவை. ஸ்வப்னவாசவதத்தம் பாஸனுடையது என்பதற்குப் புறச்சான்று உண்டு. ஆகவே அனைத்தும் பாஸனுடையவை. 1912இல் நூல்வரிசையின் 15ஆம் எண்ணாக ஸ்வப்னவாசவதத்தம் வெளிவந்தபோது, முகப்பில் பாஸன் பெயர் அச்சேறியது. 1915க்குள் மற்றவையும் அவ்வாறே வெளிவந்தன.

ஐரோப்பிய வடமொழிப் புலமையுலகம் வியந்து வரவேற்றது. விரைவில் மறுப்பும் எழுந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் எல்.டி. பார்னெட் இந்நாடகங்களைத் தென்னாட்டுப் படைப்புகளாகவும், காளிதாசனுக்குப் பின்னர் 7ஆம் நூற்றாண்டளவில் தோன்றியவையாகவும் கருதினார். இறுதி வாழ்த்தில் வரும் ‘ராஜசிம்ஹன்’ என்னும் சொல்லைப் பாண்டிய மன்னன் ஒருவனோடு பொருத்திப் பார்த்தார். அச்சொல் விருதுப்பெயரா, அரசன் எவனுக்கும் பொருந்தும் பொதுச்சொல்லா என்பது இன்றும் தீரவில்லை.

மறுப்பாளர்க்கு வலுவான ஆயுதத்தைத் தந்தவர் சாஸ்திரியே. 1917இல் அதே நூல்வரிசையின் 55ஆம் எண்ணாக அவர் மத்தவிலாஸ பிரஹசனத்தைப் பதிப்பித்தார். காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன் இயற்றிய அந்நாடகமும் கேரள ஏடுகளில்தான் பிழைத்திருந்தது. அதுவும் நாந்தி முடிந்தபின் சூத்திரதாரன் வருகையோடு தொடங்குகிறது. அதிலும் முன்னுரையின் பெயர் ஸ்தாபனை. பாஸனுக்கே உரிய அடையாளங்களாக 1912இல் காட்டப்பட்டவற்றுள் இரண்டு, ஐயமின்றி வேறொருவரின் நாடகத்தில் நின்றன. மத்தவிலாஸத்தில் ஆசிரியர் பெயர் சொல்லப்படுகிறது என்னும் வேறுபாட்டை சாஸ்திரி தரப்பார் சுட்டியது நியாயமே. எனினும், ஆசிரியருக்கு உரியவை எவை, கேரள மேடைமரபுக்கு உரியவை எவை என்று பிரித்தறிய வேண்டிய கடமை அந்நாள் முதல் தவிர்க்க இயலாததாயிற்று.

அம்மரபு எங்கும் மறைந்திருக்கவில்லை. கோயில் கூத்தம்பலங்களில் சாக்கையர் இந்நாடகங்களின் பகுதிகளை ஆடிக்கொண்டே இருந்தனர். பிரதிஜ்ஞாயௌகந்தராயணத்தின் மூன்றாம் அங்கம் அவர்க்கு ‘மந்திராங்கம்’. அபிஷேக நாடகத்தின் ஓர் அங்கம் ‘தோரணயுத்தம்’. ஓரங்கமே பல இரவுகளுக்கு நீளும். ‘கண்டுபிடிக்கப்பட்ட’ நாடகங்கள் என்னும் சொல் நூலகத்திற்குப் பொருந்தும், கூத்தம்பலத்திற்குப் பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனை அறிந்த தமிழ் மாணவர்க்கு, இக்குடியின் தொன்மையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. நடிப்பு முறையை அடிக்கு அடி விவரிக்கும் ‘ஆட்டப்பிரகாரம்’, வேடமும் வாத்தியமும் சடங்கும் குறிக்கும் ‘கிரமதீபிகை’ ஆகிய கைந்நூல்கள் பழைய மலையாளத்தில் ஏடுகளாய் இருந்தன. கிருஷ்ண பிஷாரடியும் ராம பிஷாரடியும் இம்மரபை அடிப்படையாகக் கொண்டே வழக்காடினர். அவர்கள் கருத்தில் இவை மேடைக்கெனச் சுருக்கியும் தொகுத்தும் அமைக்கப்பட்ட பாடங்கள். மூலமாக நின்ற நாடகங்கள் வேறாக இருந்திருக்கலாம்.

சாருதத்தம் இவ்வையத்தை வளர்த்தது. அதன் நான்கு அங்கங்களும் சூத்திரகனின் மிருச்சகடிகத்தின் முதல் நான்கு அங்கங்களோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. பழைய நாடகத்தைச் சூத்திரகன் விரித்தானா, அவனுடைய நாடகத்தை மேடையினர் சுருக்கினரா? நாட்யதர்ப்பணமோ ஸ்வப்னவாசவதத்தத்திலிருந்து எடுத்ததாக ஒரு செய்யுளைக் காட்டுகிறது. அது திருவனந்தபுரப் பதிப்பில் இல்லை. ஆனால் அச்செய்யுள் பொருந்தக்கூடிய காட்சி பதிப்பில் உண்டு. பாஸனின் நாடகம் இதுவே, பாடம் மட்டும் சிதைந்தது என்பார்க்கும், இது வேறு நூல் என்பார்க்கும் அது ஒருங்கே சான்றாயிற்று. எஃப்.டபிள்யூ. தாமஸ் சாஸ்திரி பக்கம் நின்றார். வி.எஸ். சுக்தாங்கர் பதின்மூன்றையும் ஒரே கட்டாகத் தீர்ப்பிடாமல் தனித்தனியே எடைபோட்டார். இவ்வழக்கில் பின்பற்றத்தக்க முறை அதுவே. ஸ்வப்னவாசவதத்தமும் பிரதிஜ்ஞாயௌகந்தராயணமும் கதைத் தொடர்ச்சியாலும் நடையாலும் ஒருவர் படைப்பெனக் கொள்ள இடமுண்டு. எஞ்சியவற்றுக்கு அதே உறுதியைக் கடனாகத் தர இயலாது.

சாஸ்திரி மீது குறை சொல்லும்போது அவருடைய மற்றொரு பெரும்பணியை உடன்வைத்துப் பார்ப்பது தகும். கௌடலீயத்தை முதலில் வெளிக்கொணர்ந்தவர் மைசூர் ஆர். ஷாமசாஸ்திரி, அவர் பதிப்பு 1909இல் வந்தது. 1924–25இல் கணபதி சாஸ்திரி தாம் பதிப்பித்தபோது, தமிழறிந்தார்க்குப் பாதிக்குமேல் விளங்கக்கூடிய பழைய மலையாள உரையாகிய பாஷாகௌடலீயத்தைத் துணையாகக் கொண்டு மூலத்தின் பல இடங்களைத் தெளிவித்தார். அங்கே கேரளம் காத்த உரை மூலத்திற்கு விளக்காயிற்று. நாடகங்களிலோ கேரளம் காத்த மேடைமுறைக்கு அவர் வாதத்தில் கிடைத்த இடம் சிறிது. அறியாமை அன்று, உரைநூலைச் சான்றாக மதித்த அக்காலப் புலமை, நடிகரின் கைந்நூலை அதே தட்டில் வைக்கவில்லை.

விளைவு பாடநூல்களில் தெரிகிறது. பாஸன் பதின்மூன்று நாடகங்கள் இயற்றினான் என்னும் ஒருவரியே பல வகுப்புகளில் இன்றும் போதிக்கப்படுகிறது. முகப்பில் அச்சான பெயர், ஏட்டில் அது இல்லை என்பதை மறைத்துவிட்டது. அப்பெயரால் நன்மை விளையவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. காவாலம் நாராயண பணிக்கர் திருவனந்தபுரத்திலிருந்து மத்யமவ்யாயோகத்தையும் கர்ணபாரத்தையும் மேடையேற்றியபோது, இந்திய நவீன நாடகம் பாஸன் என்னும் பெயராலேயே அவற்றை அறிந்துகொண்டது.

1926இல் சாஸ்திரி மறைந்தார். வழக்கு தொடர்ந்தது. எதிர்வாதத்திற்கு வேண்டிய மத்தவிலாஸப் பதிப்பும், அவர் 1912இல் நிறுவ முயன்ற ஸ்வப்னவாசவதத்தப் பதிப்பும் ஒரே நூல்வரிசையின் இரு எண்களாக நிற்கின்றன. மந்திராங்கத்தில் வசந்தகனாக வேடமிடும் சாக்கையரோ, ஆட்டப்பிரகாரம் வகுத்தபடி இரவு இரவாக ஆடி முடிக்கிறார். இயற்றியவர் இன்னார் என்று அவர் சொல்வதில்லை.